அரை அரைக் கிலோ

ஆற்காட்டில் வண்டியை ஓரங்கட்டி
வழக்கம்போல ஒரு கிலோ மக்கன் பேடா
ஒரே பெட்டியாகக் கட்டச் சொல்லிவிட்டான் ஜாகிர்.
கடைக்காரர் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி
கண்ணாடி மேல் வைத்த பிறகுதான்
மூன்று பேருக்கும் உறைத்தது.

“பிரிச்சு ரெண்டாக் கட்டிடுங்க.”
“வேற வேற ஊருக்கா சார்?”
ஒரே ஊருக்குத்தான்.

பூந்தமல்லி தாண்டியதிலிருந்து அதே பேச்சு:
முதலில் யார் வீடு?
தேன்மொழிதான் நமக்கு முதலில் சிநேகிதி என்றாள் கோமளா.
ஆஸ்பத்திரியில் என்னோடு பதினாறு ராத்திரி
தரையில் படுத்தவன் எபி என்றேன் நான்.
ஜாகிர் கியரை மாற்றிக்கொண்டே சொன்னான்:
வழியில் முதலில் வருவது சத்துவாச்சாரி.
காட்பாடி அப்புறம்தான்.
அத்தோடு நியாயத்தை
நெடுஞ்சாலைத் துறையிடம் விட்டுவிட்டோம்.

மேல்விஷாரத்தில் தோல் வாடை வந்ததும்
கண்ணாடிகளை ஏற்றினோம்.
ஏசி எப்போதோ செத்துப்போன வண்டி.
வேலூரில் வெயில் மேலேயிருந்து விழுவதில்லை,
சுற்றி நிற்கும் மொட்டைப் பாறையில் பட்டு
பக்கவாட்டில் வந்து அறைகிறது.

தேன்மொழி கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள்.
முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம்,
தேவைக்கு மேல் சிரிப்பு.
நீலக் கரை போட்ட தட்டில் பரிமாறினாள்.
கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் காசு போட்டு
எட்டாக வாங்கிக் கொடுத்தது.
மீதி நாலு எங்கே என்று
கோமளாவின் வாய் வரை வந்ததை நான் பார்த்தேன்.
தண்ணீர் குடித்தாள்.

“அவன்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றாள் தேன்மொழி.
கேட் வரை வந்தாள். வண்டி உறுமிய பிறகு
குனிந்து, என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி,
“அந்த கேஸ் புக்கை மட்டும் பேர் மாத்தச் சொல்லு.
சிலிண்டர் வர்றப்பல்லாம் ஓடிபி எனக்கு வருது.”

பாலாற்றுப் பாலத்தில் லாரிக்குப் பின்னால் லாரி.
கீழே நடு ஆற்றில் கிரிக்கெட்.
நாங்கள் நகராமல் நின்ற நேரத்தில்
இரண்டு விக்கெட் விழுந்தது.
இரண்டாவது ஆள் அவுட்டே இல்லை என்று
ஜாகிர் காட்பாடி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தான்.

எபி லுங்கியோடு கதவைத் திறந்தான்.
மாடிப் போர்ஷன். ஒரு கட்டில், ஒரு ஜெபப் புத்தகம்,
சுவரில் சாத்திய கேரம் போர்டு.
“எனக்கு சுகர் வந்துடுச்சே, தெரியாதா?” என்று
பெட்டியைத் திருப்பி என் கையிலேயே வைத்தான்.
கேஸ் புக் விஷயம் சொன்னேன்.
“மாத்தறேன்னு சொல்லு.”
கொஞ்சம் கழித்து, மின்விசிறியைப் பார்த்தபடி,
“அங்க மோட்டார் ஓடுதா? தண்ணி ஏறுதா?”
கவனிக்கவில்லை என்றோம். உண்மையில் கவனிக்கவில்லை.

ராத்திரி தோசை அவனே வார்த்தான்.
முதல் தோசை எனக்கு விழுந்தது,
நீலக் கரை போட்ட தட்டில்.
அங்கே நாலு, இங்கே நாலு.
வருகிறவர்கள் மூன்று பேர், வீட்டாள் ஒருவர்.
எந்த ராத்திரி உட்கார்ந்து
எங்களை எண்ணிப் பிரித்தார்களோ.
சட்னி நன்றாக இருக்கிறது என்று
இரண்டு தரம் சொன்னேன்.

திரும்பும்போது சத்துவாச்சாரியில்
யாரும் கேட்காமலே ஜாகிர் வேகத்தைக் குறைத்தான்.
அவள் வீட்டு முன்னறையில் விளக்கு எரிந்தது.
அவனுக்குச் சர்க்கரை என்று அவளுக்குத் தெரியுமா,
அது எங்கள் வாயால் தெரிய வேண்டியதா?
பெட்டி கோமளாவின் மடியில் இருந்தது.
பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

வாலாஜா சுங்கச்சாவடி வருவதற்குள்
அரைக் கிலோவையும் தின்று தீர்த்தோம்,
ஜீராவில் விரல் ஒட்ட ஒட்ட,
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்.