கிணற்றுப் பங்கு

காணி உறுதியில் இப்படித்தான் எழுதுவார்கள்:
‘வடக்கு எல்லைக் கிணற்றில் பங்கும்
வழி வாய்க்கால் உரித்தும்.’
கோண்டாவிலில் எங்கள் ஆய்வுகூட மேசையில்
அதே வாசகத்தை
ஒரு வலையட்டைக்கு எழுத வேண்டியிருந்தது.

அட்டை ஒன்று. குடித்தனம் இரண்டு.
வெளியே லினக்ஸ், பெரிய குடும்பம்,
நாள் முழுக்க யாராவது வருவதும் போவதும்.
அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன அறையில்
டெல்மா.
உலகத்தில் நானூறு பேர் பாவித்தால் அதிசயம்.
பதினாறு மெகாபைட் போதும் அதுக்கு,
கலியாண வீட்டுப் படம் ஒன்றின் பாரம்.

ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்பார்கள்.
கிணற்று நீரில் நைத்திரேற்று அளக்கிற கருவி
டெல்மாவோடு மட்டும்தான் கதைக்கும்.
புதுசுக்கு விலை கேட்டோம்.
வந்த மின்னஞ்சலை ரமணிகரன் சேர் வாசித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
திரும்ப வாசித்தார்.
‘பழசே ஓடட்டும்’ என்றார்.

பாலம் ஒன்று போட்டேன்.
கம்பியால் வருகிற பொதி ஒவ்வொன்றிலும்
விலாசம் பார்த்துப் பிரித்துவிடுகிற பாலம்.
உனக்கொரு எண், அதுக்கொரு எண்,
கயிறு மட்டும் ஒன்று.
முதல் நாள் டெல்மா வாய் திறக்கவில்லை.
இரண்டாம் நாள் இரண்டும் ஒரே விலாசத்தில் அள்ளப் போய்
வாளிகள் நடுக்கிணற்றில் முட்டிக்கொண்டன.
மூன்றாம் நாள் பின்னேரம்
யாரோ பிழையாய் எழுதிய ஓர் எண்ணைத் திருத்தினேன்.
அந்த யாரோ நான்தான்.
‘இருக்கிறாயா?’ என்று கேட்டேன்.
ஒரு மில்லிசெக்கன் ஆகவில்லை,
இருந்தது.

அந்தக் கிழமைதான் தெரியவந்தது:
பின்லாந்தில் ஒருவர்
பத்தொன்பது வருடம் நிலவறையில் வைத்துக் காத்த
டெல்மாக் கோப்பகத்தை மூடுகிறாராம்.
வீடு விற்றாயிற்று. ஒக்ரோபரோடு மின்சாரம் நிற்கும்.
பதினொரு கிகாபைட்.
கைநூல்கள், எழுத்துருக்கள்,
செத்துப்போன பிறின்ரர்களுக்கான இயக்கிகள்,
தோற்கத் தெரியாத ஒரு செஸ் விளையாட்டு.

கூடத்து இணைப்பு அவ்வளவைத் தாங்காது.
மாடியில் செல்றின் இருக்கிறான்,
குருநகர்க்காரன், இறால் ஏற்றுமதிக் கணக்கு எழுதுகிறவன்.
சன்னலால் ஒரு வயரை இறக்கிவிட்டுச் சொன்னான்:
‘பத்து மணி மட்டும் எனக்கு வேணும்.
மனுசி ரொறன்ரோவில, முகம் பாக்கோணும்.
பிறகு விடிய விடிய நீ இறை.’
இறை என்றுதான் சொன்னான்.

ஆறு இரவு இறைத்தேன்.
அந்தப் பக்க வாசல் குறுகல், சொட்டுச் சொட்டாய்த்தான் வரும்.
மாரி தொடங்கி, கரண்ட் போய்,
ஒன்பதாவது கிகாபைட்டில் அறுந்தது.
அறுந்த இடத்திலேயே முடிச்சுப் போட்டேன்.
எல்லாம் வந்து சேர்ந்தது என்று அவருக்கு எழுத,
‘யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார்.
‘உங்கள் கோப்பகம் இருக்கிற இடத்தில்’ என்று எழுதி,
திமிராய்த் தெரிந்ததால் அழித்துவிட்டு
வரைபடத்தை அனுப்பினேன்.

இப்போது மூன்று பிரதி.
ஒன்று இங்கே இரும்பு அலுமாரியில்.
ஒன்று மாடியில், செல்றினின் கலியாணப் பதிவுத் துண்டோடு.
மற்றதை டெல்மாவே தன் கையால் பரிமாறுகிறது,
அதே ஒற்றைக் கயிற்றில், தன் பங்கு மட்டும்.
நேற்றிரவு மூன்று பன்னிரண்டுக்கு
பொலிவியாவிலிருந்து ஓர் எண் வந்து
ஒரு பிறின்ரர் இயக்கியை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

இரண்டு கோப்புகளின் கூட்டெண் பொருந்தவில்லை.
பிழை பட்டியலிலா கோப்பிலா,
கேட்க ஆளில்லை. அப்படியே கிடக்கின்றன.
காலையில் உரும்பிராயிலிருந்து
பதினெட்டுப் போத்தல் தண்ணீர் வந்தது.
ஆறாவதை அளந்துகொண்டிருக்கிறது டெல்மா.