நாலு கிலோ

பீடோரில், டயர் கடைக்கு மேல்மாடியில்
ஆறு வருடம் வளர்ந்த என் களஞ்சியத்தைக்
கோலாலம்பூர்க் களஞ்சியத்தோடு சேர்க்கும் இரவு.
கீழே யாரோ நட்டு கழற்றுகிறார்கள்.
மழைக்கு முன் முடிக்க வேண்டும்,
மழை வந்தால் லைன் போய்விடும்.

அவர்களுடையதில் பதினெட்டுத் தோட்டம், நாலு ஆலை,
சம்பளம், லோரி, உரம், லீவு.
என்னுடையது ஒரே வேலைதான் செய்யும்:
செம்பனைக் குலையை நிறுத்து
வெட்டியவர் பெயரில் எழுதிவைக்கும்.

"வரலாறு வேண்டாம்" என்றான் ஹஃபிசுடின்.
"அறுநூற்றுப் பதினொரு கமிட்டையும்
ஒன்றாக நசுக்கி அனுப்பு. சுத்தமாக இருக்கும்."
சுத்தம்தான். நானே கூசும் வரிகள் அதில் உண்டு.
இன்னும் ஓடவில்லை.
இப்போது ஓடுகிறது, ஏனென்று தெரியவில்லை.
எந்த மடையன் எழுதினான் இதை.
அதற்கு அடுத்தது: நான்தான்.

நசுக்கினேன்.

முதல் மோதல் பெயரில்.
இரண்டு பக்கமும் 'எடை' என்றொரு கோப்பு.
என்னுடையது 'பீடோர் எடை' ஆனது,
மாமியார் வீட்டில்
ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி.

இரண்டாவது, வரி இருநூற்று ஏழு:
தராசு மூன்று என்றால் நாலு கிலோ கூட்டு.
"இந்த நாலு எங்கிருந்து வந்தது?"

அதைச் சொல்லியிருந்த கமிட்டைத்தான்
சற்றுமுன் நசுக்கியிருந்தேன்.

காலையில் மோட்டாரில் போனேன்.
மண்டோர் புஷ்பலீலா
ஐம்பது கிலோ உர மூட்டையைத் தராசில் சாய்த்தார்.
நாற்பத்தாறு.
வேறு மூட்டை. நாற்பத்தாறு.
"வெள்ளத்துக்கு அப்புறம் இப்படித்தான்.
மேனேஜருக்குத் தெரியும்.
ஒங்க பொட்டிக்கும் தெரியும்னு நெனச்சோம்."

படம் அனுப்பினேன்.
"தராசைத்தானே சரிசெய்ய வேண்டும், நிரலையா?"
நியாயம்.
தராசுக்கு அடுத்த வருட பட்ஜெட்.
குலை இன்றைக்கே பழுத்துவிட்டது.

மறுபடி இணைத்தேன், நசுக்காமல்.
அறுநூற்றுப் பதினொன்றும்
மடையனையும் கூட்டிக்கொண்டு உள்ளே போயின.
நாலரைக்கு ஹஃபிசுடின் "ஓகே" என்றான்,
வேறொன்றும் சொல்லவில்லை.

ஐந்து மணி. மூன்றாம் தராசு.
வெட்டியவர் ச. தங்கமுத்து. நாற்பத்தாறு.
திரையில் ஐம்பது.

மழை பிடித்துக்கொண்டது, லைனும் போனது.
அதற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.