பக்கம் 143

செவ்வாய்க்கிழமைகளில் நூலகப் பேருந்து
கெமியின் வடக்கு முனையில், பெட்ரோல் நிலையத்தருகே
இருபது நிமிடம் நிற்கும்.
முப்பத்தொரு வருடம் கழித்து அந்த நாவலைக் கேட்டேன்.
ஓட்டுநரும் அவரே நூலகரும் அவரேயான தாப்பனி
கீழ்த்தட்டில் குனிந்து எடுத்து
"ஒரு தாள் மட்டும் கையெழுத்தில் இருக்கும்,
பரவாயில்லையா?" என்றார்.
பரவாயில்லை என்றேன்.
காது சிவந்ததற்குக் குளிர் பொறுப்பேற்றுக்கொண்டது.

அந்தத் தாளைக் கிழித்தவள் நான்.

பதினைந்து வயது. பள்ளிக் கழிப்பறை.
சத்தம் கேட்காதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.
143, அதன் முதுகில் 144.
கோட்டின் உள்பையில் ஒரு மாதம் வைத்திருந்தேன்.
பிறகு அம்மா கோட்டைத் துவைத்தாள்.
கூழை விரலால் வழித்தெடுத்தபோது
ஒரே ஒரு சொல் பிழைத்திருந்தது:
துடுப்பு.

இரண்டு இரவில் 142 வரை வந்துவிட்டேன்.
எவ்வளவு ஆச்சரியக்குறிகள்!
அந்த ரெய்யோவை நான் காதலித்திருக்கிறேன்;
இப்போது அவனுக்கு
ஒரு ஜோடி கையுறை வாங்கித் தரத்தான் தோன்றுகிறது.
ஐலா மட்டும் அப்படியே இருக்கிறாள்,
நகத்தைக் கடித்துக்கொண்டு,
ஆற்றில் பனிக்கட்டி உடையும் வாரத்துக்காக.

எனக்குத் தெரியும் அடுத்து என்னவென்று.
அப்பாவின் படகை அவிழ்ப்பாள்.
கட்டிகளுக்கு நடுவே துடுப்பு போட்டு
அக்கரைக்கு, வேறு நாட்டுக்குப் போய்விடுவாள்.
அவள் போனாள் என்றுதான்
பதினேழில் நானும் கப்பலேறினேன்.
ஸ்டாக்ஹோம். ஓட்டல் படுக்கை விரிப்புகள். பதினோரு மாதம்.
அக்கரையில் எதுவும் பச்சையாக இல்லை.
திரும்பி வந்தபோது கூசியது
வீட்டாரிடம் அல்ல,
ஐலாவிடம்.

ஒட்டப்பட்ட தாள். கோடு போட்ட நோட்டுக் காகிதம்.
நீல மை, இடக்கைக்காரர் போல, வரிக்கு வரி இழுபட்டிருக்கிறது.
ஐலா படகை அவிழ்க்கிறாள்.
உட்காருகிறாள்.
கொண்டுவந்த ரொட்டியைத் தின்கிறாள்.
கால் விறைக்கிறது.
படகை மறுபடி கட்டுகிறாள், இரண்டு முடிச்சு,
வீட்டுக்கு வந்து
காலுறையை அடுப்பின் மேல் உலரப் போடுகிறாள்.

அவ்வளவுதான்.

145 புது அத்தியாயம்: மூன்று வருடம் கழித்து, ஒரு ரயில்.
போனவளும் அதில் ஏறலாம்,
போகாதவளும் ஏறலாம்.

வெகுநேரம் விளக்கை அணைக்கவில்லை.
நான் பொய்யாக மனப்பாடம் செய்தேனா?
இல்லை, இந்த நீல மைக்காரர்,
ஊரைவிட்டு ஒருநாளும் போகாத யாரோ,
உள்ளதை உள்ளபடி படியெடுத்துக்கொண்டே வந்து
படகை மட்டும்
தன் கையால் கட்டிவிட்டாரா?

ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி, அதே இழுபட்ட கை:
"கிழித்தவருக்குப் பல்வலி வரட்டும்."

பலித்தது ஐயா.
பத்தொன்பதில் வேர்ச் சிகிச்சை.
முப்பதில் இரண்டு.
போன மார்கழி ஒன்றைப் பிடுங்கியே விட்டார்கள்.

அடுத்த செவ்வாய் தாப்பனி கேட்டார்:
"ஓலுவில் முழுப்பிரதி ஒன்று இருக்கிறது,
வரவழைக்கவா? காசு கிடையாது."
எனக்குப் பின்னால் ஒரு பையன்
பனிக்காலணியை உதறிக்கொண்டு நின்றான்.
வேண்டாம், இதையே இன்னும் நான்கு வாரம் நீட்டித்துக் கொடுங்கள் என்றேன்.
சொல்லும்போதே நாக்கு போய்த் தடவியது,
கீழ்வரிசையில், இடப்பக்கம்,
ஈறு மூடிக்கொண்ட அந்த இடத்தை.