ஈற்றுச்சீர்

சிப்காட் சாயக் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்துத்
திருப்பாதிரிப்புலியூர் வந்து நின்றால்
உன் திருநீறு என் உள்ளங்கையில்
ரோஸ் நிறமாகிறது, பாடலீசா.
சோப்புக்கும் போகாத நிறம்.
குருக்கள் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் அஞ்சலாட்சிக்கு டயாலிசிஸ்.
நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில்
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
உன்மேல் வெண்பா எழுதுகிறேன்.
மூன்றடி வந்துவிடும், பாதி வசவாக:
கல்லோடு கட்டிக் கடலில் போட்டவரைக்
கரையேற விட்டாயாம்,
ஒரு குப்பமே அந்தப் பெயரில் சாட்சி நிற்கிறது.
இவள் விலாவுக்குள் வளர்ந்த கல் மட்டும்
மிதக்கத் தெரியாத கல்லா?

கடைசிச் சீரில்தான் முட்டுகிறது.
நாள், மலர், காசு, பிறப்பு.
இந்த நாலில் ஒன்றாய் முடிய வேண்டும் என்பது இலக்கணம்.
காசு என்று முடித்தேன். கூச்சமாயிருந்தது, அடித்துவிட்டேன்.
மலர் என்றால் பொய்.
பாதிரி பூத்ததா என்று நிமிர்ந்து பார்த்தே மாதங்கள் ஆகின்றன.
பிறப்பறுக்கச் சொல்லிக் கேட்டார்கள் உன் அடியார்கள்.
நான் அத்தனை பெரியவன் இல்லை.
இந்தப் பிறப்பையே கொஞ்சம் இழுத்துக் கொடு,
தைக்கு அப்புறம் மாசி மகம், தேவனாம்பட்டினத்துக் கூட்டம்,
அவளுக்கு ஒரு சோளக்கதிர்
என்று எழுதப் போனால்
தளை தட்டுகிறது.

வெளியே வந்தவள் சீட்டைப் பார்த்து
"முடிஞ்சுதா?" என்றாள்.
"இன்னும் ஒரு சீர்."
"மெதுவா முடிங்க."
பஞ்சு ஒட்டிய கையால்
என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.
பஸ் ஏறும்போது பார்த்தேன்,
அவள் விரலிலும் கொஞ்சம் ரோஸ்.