ஏக்கருக்கு எவ்வளவு

கஜீபன்ர போன் இப்ப என்னட்ட.
எட்டுச்செலவு முடிஞ்ச பின்னேரம் அக்கா தந்தா,
சார்ஜரோட, ஒரு சொப்பிங் பையில சுத்தி.
"எடுக்கிற ஆக்களுக்கு நீ சொல்லு, என்னால ஏலாது."

ஐப்பசி. முதல் மழை நிலத்தை நனைச்சிட்டுது.
மல்லாவி, பாண்டியன்குளம், ஒட்டறுத்தகுளம்,
எல்லா வயலும் ஒரே நேரத்தில அடிக்குது.

"தம்பி, இந்தமுறை ஏக்கருக்கு எவ்வளவு எடுக்கிறீர்?"
"ஐயா, கஜீபன் இல்லை."
"எங்க, வவுனியாவுக்கோ? வந்தோண்ண எடுக்கச் சொல்லும்."
வைச்சிட்டார்.
இல்லை எண்ட சொல்லு எவ்வளவு சின்னன் எண்டு
அண்டைக்குத்தான் தெரிஞ்சுது.
பிறகு செத்திட்டான் எண்டே சொல்லப் பழகினன்.
அது பெரிய சொல்லு.
அங்கால கனநேரம் ஒண்டும் கேக்காது.

கேட்டால் எல்லாரும் ஒரே வசனத்துக்கு வருவினம்:
"அவ்வளவு ஷெல்லுக்கும் தப்பின பிள்ளை."
உண்மைதான். பன்ரண்டு வயசில தோளில ஏறின துண்டை
டொக்டர் எடுக்கேலை.
"கிடக்கட்டும், இரும்பு விலை ஏறேக்க விப்பம்" எண்டுவான்.
ஆனா எனக்கு அந்த வசனம் பிடிக்கேலை.
தப்பினது ஒரு நாள் விசயம்.
அதுக்குப் பிறகு பதினாலு வருசம் அவன் இருந்தவன்.

இருந்தவன் எண்டா:
லீசிங்கில எடுத்த சிவப்பு உழவு மெசின்,
முன்னால வேப்பிலை,
பின்னால பெரிய எழுத்தில
'கடன் அன்பை வளர்க்கும்'.
கரப்பந்தில ஆறு பேருக்குள்ள அவன்தான் கட்டை.
வெண்டால் தோத்த பெடியளுக்கும் சோடா.
புருசன் இல்லாத வீடுகளின்ர வயலை முதல் உழுதுபோட்டு
காசுக்காரற்ற வயலுக்கு
"சில்லுக்குக் காத்துப் போட்டுது" எண்டு பிந்திப் போவான்.
பொய் சொன்னால் காது சிவக்கும்.
காசுக்காரருக்கும் அது தெரியும்.

அண்டைக்கும் அப்பிடி ஒரு வயல்தான். இரவு பத்தரை.
கலப்பையில சுத்தின வைக்கலை இழுக்க இறங்கினவன்
முள்ளெண்டு நினைச்சானாம்.
"மழை வரப்போகுது, இந்த ரெண்டு சுத்தும் முடியட்டும்."
ரெண்டாவது சுத்தில வரம்பில வெளிச்சம் விழேக்க
புடையன் அப்பிடியே சுருண்டு கிடந்திருக்கு,
அதுக்கும் போக இடமில்லாத மாதிரி.

மல்லாவி ஆஸ்பத்திரி. கிளிநொச்சி. பிறகு யாழ்ப்பாணம்.
இரத்தம் குடுக்க எங்கட ரீம்
விளையாடின சேட்டோடயே வரிசையில நிண்டது.
மூண்டாம் நாள் சிறுநீர் கோப்பித் தண்ணி நிறம்.
நாலாம் நாள் விடிய நேர்ஸ் வெளியில வந்து
"ஆர் சொந்தக்காரர்?" எண்டு கேட்டா.
பதினேழு பேர் கை உயர்த்தினம்.

போனுக்குள்ள அவன் ஆக்களுக்கு வைச்சிருந்த பெயருகள்:
மூண்டேக்கர் கோவக்காரர்.
தேத்தண்ணி தாற அன்ரி.
தண்ணி வராத வயல்.
லீசிங், எடுக்காதே.
எனக்கு என்ன போட்டிருக்கிறான் எண்டு
என்ர போனில இருந்து அடிச்சுப் பாத்தன்.
'நெற்றில தொடுவான்.'
சிரிச்சிட்டன்.
பிறகு கிணத்தடிக்குப் போய் முகம் கழுவினன்,
ரெண்டு தரம்.

ஒரு நம்பருக்குப் பெயரில்லை.
ஒரு புள்ளி மட்டும்.
ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பதரைக்கு அடிக்கும்.
எடுப்பன்.
அங்கால ஒரு தையல் மெசின் ஓடி நிக்கும்.
கதை வராது, மூச்சு வரும்.
ஆரெண்டு நான் கேக்கேலை.
செத்தவீட்டில கடைசி வரிசையில
செருப்பைக் கழட்டாமல் நிண்ட ஒருத்தியாய் இருக்கலாம்.
இவளுக்கு மட்டும் அந்தப் பெரிய சொல்லை
நான் இன்னும் சொல்லேலை.

லீசிங்காரர் மெசினைக் கொண்டுபோன அண்டைக்கும் அடிச்சுது.
முத்தத்தில சில்லுத் தடம் நிறையத் தண்ணி.
ஏதும் கதைக்கவேணும் போல இருந்துது.
"இஞ்ச நல்ல மழை" எண்டன்.
கொஞ்சம் பொறுத்து
"இஞ்சயும்" எண்டாள்.