புதன், நண்பகலுக்குப் பின்

முதல் நாள், பெயர் கேட்கும் நிரல்.
கேள்வி நான் எழுதியது, பதிலும் நான்தான் சொல்லவேண்டும்.
அடையாள அட்டையில் சந்தா ஏ.
வீட்டில் தையல்நாயகி.
கோடு துடித்துக்கொண்டே நின்றது.
எதையும் தட்டாமல்
போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் வீசையைக் கிலோவாக்கினேன்.
பயின்னவுங் சந்தையில் பதினொரு வருடமாக
உளுந்து மூட்டைக்குக் கணக்கெழுதும் கை,
ஒன்று புள்ளி ஆறு மூன்று மூன்றைத்
தூக்கத்திலும் பெருக்கும்.
ஆனாலும் அது பெருக்கிக் காட்டியதை
துண்டுச் சீட்டில் போட்டு
இன்னொரு தரம் சரிபார்த்தேன்.
சரிதான்.
முதலாளி வரும் சத்தம் கேட்டு
திரையைக் கவிழ்த்து வைத்தேன்,
திருடிய பொருளைப் போல.

ஐந்து, ஆறு, ஏழு: கரண்ட் இல்லை.

ஒன்பதாம் நாள் முழுவதும் ஒரு முக்காற்புள்ளி.
எங்கே விட்டேன் என்று
வரிவரியாக விரல் வைத்துத் தேடினேன்
அரிசியில் கல் பார்க்கிறமாதிரி.
ராத்திரி ஒன்பதுக்கு வந்த விளக்கு
ஒரு மணிக்குப் போகும்.
பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிடைத்தது.
இரண்டே இரண்டு பொட்டு, ஒன்றின்மேல் ஒன்று.
வைத்தேன். ஓடியது.
சொல்ல ஆளில்லை; எல்லாரும் தூக்கம்.

பதினேழாம் நாள் செய்தது எனக்கே பிடித்திருந்தது.
பிறந்த தேதி கொடுத்தால் கிழமை சொல்லும்.
ஞாயிறு பூஜ்யம், திங்கள் ஒன்று,
ஏழு கிழமை வரிசையாக உட்கார்ந்திருக்கும்.
சாப்பாட்டு நேரத்தில்
சாக்கு தைக்கும் நிலார் வின்னிடம் நீட்டினேன்.
எழுபத்தொன்பது ஜூன் இருபது.
புதன், என்றது.

"புதன் இல்லை. யாஹு."

கம்ப்யூட்டருக்குத் தப்பு வராது அக்கா, என்றேன்.
அவள் கோணி ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினாள்.
புதன் காலையில் பிறந்தவர்களுக்குத் தந்தமுள்ள யானை,
தெற்கு மூலை.
மத்தியானத்துக்குமேல் பிறந்தவர்களுக்குத் தந்தமில்லாத யானை,
வடமேற்கு.
"நாற்பது வருஷமாக அங்கேதான் தண்ணீர் ஊற்றுகிறேன்.
உன் போனுக்காக இடம் மாறிப் போகவா?"

கிழமை எட்டு.
இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் வளர்ந்து,
எண்ணும்போது மட்டும் ஏழோடு நிறுத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து
கோயிலில் கொடுத்த நாட்காட்டியைப் பார்த்தேன்.
புதன், இராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை.
நம்மவர்களும் அந்த வாசலில்தான்
ஒன்றரை மணி நேரம் நின்று கதவைச் சாத்துகிறார்கள்.
இவர்கள் உள்ளே கூப்பிட்டு
ஒரு யானையும் கொடுத்துவிட்டார்கள்.

பதினெட்டாம் நாள்
ஒரு கேள்வி கூட்டினேன்:
புதன் என்றால், எத்தனை மணிக்கு?
பன்னிரண்டோ அதற்குமேலோ என்றால் யாஹு.
நிலார் வின் ஒன்றரை என்று தட்டினாள்.
தந்தமில்லாத யானை, என்று வந்தது.
தலையை மட்டும் ஆட்டினாள்,
பாக்கிச் சில்லறை சரியாக இருக்கிறது என்பதுபோல.

பிறகு, உன்னுடையது? என்றாள்.
போட்டேன். புதன்.
எத்தனை மணிக்கு?

அம்மா அதைச் சொன்னதில்லை.
மழை என்று சொல்லியிருக்கிறாள்,
மருத்துவச்சி செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு வந்தாள் என்று.
செருப்புக்கு மணி தெரியாது.
கோடு துடித்துக்கொண்டே நின்றது,
முதல் நாளைப் போல.

"தெரியாதவர்களுக்கும் ஒன்று எழுதிவிடேன்" என்றாள்
நூலைப் பல்லால் கடித்தபடி.
என்னவென்று?
"இரண்டு யானைக்கும் ஊற்றச் சொல்."

எழுதினேன்.
ஓடவில்லை.
எல்ஸுக்குப் பின்னால்
முக்காற்புள்ளி.