இரட்டைக் கூலி

விளம்பரத்தில் நாலே வரி:
டிசம்பர் இருபத்து நாலு முதல் இருபத்தேழு வரை
மாடு கறக்க ஆள் தேவை.
ஒரு வேளைக்கு நூற்று முப்பது டாலர்,
பண்டிகை நாள் இரண்டுக்கும் இரட்டிப்பு.

எட்டு வேளை. ஆயிரத்து ஐந்நூற்று அறுபது.
பேருந்துச் சீட்டின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தேன்.
ஹாமில்டனில் ஓர் அறைக்கு முன்பணம் ஆயிரத்து ஐந்நூறு.
மீதி அறுபதுக்கு ஒரு கெட்டில்.

"கஹுராங்கி, உன்னை நம்பித்தான் போகிறோம்"
என்றார் வீபெ போஸ்ட்மா.
பதினோரு வருடமாகக் கடல் பார்க்காத குடும்பம்.
டீனெக்கா காரில் ஏறி, இறங்கி,
அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு
மறுபடி ஏறினாள்.
காலில் சிவப்புப் பட்டை கட்டிய மாடு இரண்டு,
எண்பத்தேழு, நூற்று நாற்பத்து மூன்று.
மடிநோய்க்கு ஊசி போட்டிருக்கிறது.
அதுகளின் பால் மட்டும் தனி வாளிக்கு.
மூன்று முறை சொன்னார்.
மூன்று முறையும் தலையாட்டினேன்.

கிறிஸ்துமஸ் விடியல், நாலரை மணி.
வானொலியில் யாரோ பனியைப் பாடுகிறார்கள்.
இங்கே நடுக்கோடை,
ரப்பர் அங்கிக்குள் வியர்வை.
மாடுகளுக்குப் பண்டிகை தெரியாது.
இருபது இருபதாக வந்து பின்பக்கம் காட்டி நிற்கின்றன.
கழுவு, மாட்டு, நகர்.
கழுவு, மாட்டு, நகர்.
ஆறாவது வரிசையில் நான் மனசுக்குள்
அறை ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டிருந்தேன்.
நீலமா, மஞ்சளா.

எல்லாம் முடிந்து தரையைக் கழுவும்போது
சாக்கடைக் கம்பியில் சிக்கிக் கிடந்தது
சிவப்புப் பட்டை ஒன்று.

எப்போது கழன்றது?
கறப்பதற்கு முன்னா, பின்னா?
வாளியில் பால் இருந்தது.
இரண்டு மாட்டுக்குக் கொஞ்சம் குறைவு போல,
ஒரு மாட்டுக்குக் கொஞ்சம் அதிகம் போல.
மேய்ச்சலுக்குப் போய்
எண்பத்தேழைத் தேடிப் பிடித்து எதிரே நின்றேன்.
அசை போட்டது.
கேட்டால் சொல்கிற முகமில்லை.

தொட்டியில் நாலாயிரம் லிட்டர்,
நேற்று மாலையும் இன்று காலையும் சேர்த்து.
ஒன்பது மணிக்கு டேங்கர் லாரி.
குடம் பாலுக்குத் துளி விஷம் என்பார்கள்.
இங்கே அந்தத் துளி லாரியில் ஏறி
அடுத்த ஐந்து பண்ணையின் பாலையும் கெடுக்கும்.
ஆனால் யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாதே.
தெரியாததை எப்படி ஒப்புக்கொள்வது?
இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.
எட்டு நாற்பது வரை அதோடு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு போன் செய்தேன்.
அலைச் சத்தம்.
"அப்பா, தண்ணி சில்லுனு இருக்கு" என்று ஒரு பிள்ளை கத்துகிறது.
சொன்னேன்.
"நிச்சயமா?"
"நிச்சயமில்லை. அதனால்தான்."
ஓர் அலை வந்து போனது.
"சோதித்துப் பார்க்க இன்றைக்கு யார் இருக்கிறார்கள்.
திறந்து விடு."

நாலாயிரம் லிட்டர் கழிவுக் குளத்துக்குப் போய்ச் சேர
எவ்வளவு நேரமாகும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
குளம் வெளுத்தது.
இரண்டு வாத்துகள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போயின.
காகிதக் கிரீடம் போட்ட லாரி ஓட்டுநர்
எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை,
பன்றித்தொடை சாண்ட்விச் பாதியை நீட்டினார்.
தின்றேன். ருசியாக இருந்தது.
ருசியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையும் கறந்தேன், இரட்டைக் கூலிக்கு,
ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்து.
மூன்று மணி நேர வேலை ஐந்தாயிற்று.

இருபத்தேழாம் தேதி இரவு
மூக்குத் தோல் உரிந்து திரும்பி வந்தார்கள்.
உறையில் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது, குறையாமல்.
வீபெ கைகொடுக்கவில்லை.
தோளில் தூங்கும் பிள்ளை இருந்தது;
அதனால்தானா என்று தெரியவில்லை.
பாதியை எடுத்து மேசையில் வைத்தேன்.
டீனெக்கா என் பக்கம் தள்ளினாள்.
நான் அவள் பக்கம்.
உப்பு ஜாடிக்கும் ரொட்டிக்கும் நடுவில்
நின்றது பணம்.

"புத்தாண்டுக்கும் ஆள் வேண்டும்"
என்றார் வீபெ, பிள்ளையோடு உள்ளே நடந்தபடி,
திரும்பாமல்.
"இந்தத் தடவை
இரண்டு காலிலும் கட்டு."